புதுப்பிப்பு: தாடை மூட்டு வலிக்கு நெல்லையிலிருந்து சென்னை போகிறவர்களுக்கு

எம்.ஆர்.ஐ. இங்கேயே எடுத்துக்கொண்டு போகலாமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் வாய் மூடிய நிலை, திறந்த நிலை இரண்டும் வேண்டுமென்று மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூடிய நிலையில் மட்டும் எடுத்தால், விலகிய மூட்டுத் தட்டு (தாடை மூட்டில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்புகிறதா என்பது தெரியாது. அங்கே போனபின் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். பிலிமோடு சிடியும் கேளுங்கள். ஓபிஜி எக்ஸ்ரே (தாடை, பல் முழுவதையும் ஒரே படமாக எடுப்பது) எலும்பைத்தான் காட்டும், தட்டைக் காட்டாது.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில், தாடை மூட்டையும் பார்க்கும் வாய் முக அறுவைப் பிரிவு இருக்கிறது.

ராத்திரி பல்மேல் மாட்டும் ஸ்பிளிண்ட் (பல்வரிசையை மூடும் உறை) கொடுத்தால், ஊருக்கு வண்டி ஏறுமுன் கடித்துப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் வலி கூடிவிடும். சில வாரத்தில் ஸ்பிளிண்டைத் திரும்பவும் ராவ (தேய்த்துச் சரிசெய்ய) வேண்டிவரும். அதைப் பாளையங்கோட்டையிலேயே செய்துகொள்ளக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பல்லையே ராவலாம் என்றால் மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எனாமல் திரும்ப வளராது.