டாலெக்கை முதன்முதல் எங்க கண்டீங்கள்? திருமலை ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலையான்:
பழைய டிவி வில்லன் ஒருத்தனைத் தூசு தட்டிக் கொண்டுவந்து இந்தக் காலத்துப் பிள்ளையளைப் பயப்படுத்த ஏலுமா? டச்சுக்குடாக் கடற்கரையில இருந்து இதைக் கதைக்கத் தொடங்கி, கச்சான் முடிஞ்சும் கதை முடியேல்ல. டொக்டர் ஹூ எண்ட பிரிட்டிஷ் டிவி நாடகம் பாத்த ஆக்கள், அதில டொக்டர் எண்ட கதாநாயகனோட மோதிற டாலெக்கை, அதுதான் உலோகக் கூட்டுக்குள்ள இருக்கிற வேற்றுக்கிரக வில்லனை, முதன்முதல் கண்ட கதையை எழுதுங்கோ.

நான் கண்டது 2005ஆம் ஆண்டு எபிசோடில. லண்டனில இருந்து லீவுக்கு வந்த மருமகன் பென் டிரைவில கொண்டுவந்தவன். அமெரிக்காவின்ர யூட்டாவில நிலத்துக்கு அடியில ஒரு பணக்காரன் வேற்றுக்கிரகச் சாமானெல்லாம் சேத்து வைச்சிருக்கிறான். அதில ஒண்டைச் சங்கிலி போட்டு இருட்டறைக்குள்ள கட்டி வைச்சிருக்கு. டொக்டர் உதவி செய்யிற எண்ணத்தோட உள்ளுக்குப் போறார். ஒரு நீல வெளிச்சம், பிறகு அந்தக் குரல். அவ்வளவுதான், மனுசன் ஓடிப்போய்க் கதவைப் போட்டு அடிக்கிறார். டாலெக்கின்ர துவக்கு வேலை செய்யாது எண்டது பிறகுதான் தெரியவரும். அங்கால வெத்திலை இடிச்சுக்கொண்டிருந்த அம்மம்மாவுக்கு இங்கிலிஸ் ஒரு சொல்லும் விளங்காது. உலக்கையைக் கையில பிடிச்சபடி, "உந்த ஆம்பிளை ஏன் இப்பிடி நடுங்கிறான்?" எண்டு கேட்டா.

என்னைக் கேட்டா முழுக் கெட்டித்தனமும் அதிலதான். டாலெக்கைப் பெரிசாக்கிறதையோ பளபளக்கிற கிராபிக்ஸையோ நம்பி நிக்கேல்ல. ஒண்டுக்கும் பயப்பிடாத ஆளைப் பயப்பிட வைச்சாங்கள். அதோட ஊர் சிரிச்ச ஒவ்வொரு விசயத்தையும் எடுத்து ஆயுதமாக்கினாங்கள். சிங்க் அடைச்சாக் குத்தி எடுக்கிற ரப்பர்க் கப் மாதிரிக் கை எண்டு நக்கலடிச்சவன்ர முகத்திலயே அந்தக் கப் ஒட்டுது. படியேற ஏலாது எண்டு கீழ பாத்துப் பகிடி விட்டவைக்கு முன்னால அப்பிடியே மிதந்து மேல வருது.

திருக்கடலூரான், இப்ப லண்டன்:
தம்பி, படியேறினது 2005இல எண்டு எல்லாரும் சொல்லுவினம். இல்லையப்பன். 1988 ஒக்டோபரில நான் ஈஸ்ட் ஹாமில ஊர்ப் பொடியளோட ஒரே வீட்டில இருந்து பாத்தனான். டாலெக் வந்த ஒரு கதையின்ர முதல் பாகம் முடியிற இடத்தில டொக்டர் நிலவறைப் படியால ஏறி ஓடுறார், கதவு பூட்டு. டாலெக் பின்னால மிதந்து ஏறி வருது. ஆனா அந்த நேரம் நாடகத்தைப் பாக்கிற சனம் குறைஞ்சு போச்சு, அடுத்த வருசத்தோட நிப்பாட்டியும் போட்டாங்கள். ஆர் கவனிச்சது?

ரப்பர்க் கப்பும் அப்பிடித்தான். 1963 டிசம்பர் 21, டாலெக் முதன்முதல் வந்த நாள், டொக்டரோட போன பாபரா எண்ட டீச்சர் சுவரோட ஒட்டி நிண்டு கத்திறா. எங்களுக்குக் காட்டினது அந்தக் கையை மட்டும். முழு உருவத்துக்குச் சனம் ஒரு கிழமை காத்திருந்தது. ஆகப் பகிடியாய்ப் போன சாமான்தான் முதல்ல பயப்படுத்தினது. 2005இல நாடகத்தைத் திரும்பத் தொடங்கின ஆக்கள் அந்தப் பயத்தைத் திருப்பிக் குடுத்தாங்கள் எண்டு சொல்லு, நான் ஒப்புக்கொள்ளுறன்.

கிண்ணியாவான்:
நீங்க டாலெக்கோட நில்லுங்க, எனக்கு பாட்டில்ஸ்டார் கலாக்டிகா எண்ட அமெரிக்க டிவி நாடகத்தில வாற ரோபோ எதிரி சைலன்தான். 1978இல வெள்ளி நிற ரோபோ, ஒரு சிவப்புக் கண் அங்கயும் இங்கயும் ஓடும். 2003இல ரொனால்ட் மூர் அதை மனிச உருவத்தில கொண்டு வந்தார். பக்கத்தில நிக்கிறவன் ஆரெண்டு தெரியாத பயம் இருக்கே, அதுக்குக் கிட்ட எந்தத் தகர டப்பாவும் வராது.

டீச்சரம்மா:
தகர டப்பா எண்டு சொல்லாதைங்கோ, நாங்கள் செய்தது ஹார்ட்போட்டில. ஆங்கில தின நாடகத்துக்குப் பிள்ளையள் டாலெக் வேணுமெண்டு நிண்டிட்டினம். பந்துகளை இரண்டா வெட்டி ஒட்டி, தலையில பழைய ஆட்டோ சிக்னல் லைட் பூட்டினம். ஒரு பிள்ளை உள்ளுக்கு, சில்லு வைச்ச ஸ்டூலில இருந்து காலால உந்தி வரோணும். ஒத்திகையில பாத்த ஆக்களெல்லாம் சிரிச்சுப் போட்டினம். பிறகு குரலை மாத்தினம். சுத்திற ஃபானுக்கு முன்னால கதைச்சா வெட்டி வெட்டி வருமே, அது. டிவியில டாலெக்குக்குக் குரல் குடுக்கிற நிக்கொலஸ் பிரிக்ஸ் ரிங் மொடியுலேட்டரால செய்யிறதும் கிட்டத்தட்ட அதுதான், குரலை ஒரு தாழ்ந்த அலையோட பெருக்கிறது. விளக்கை நூத்துப்போட்டு முதல்ல குரலை மட்டும் விட்டம். முன்வரிசையில இருந்த சின்னதுகள் கதிரையை விட்டு எழும்பி டீச்சர்மாரிட்ட ஓடி வந்திட்டுதுகள்.

உவர்மலையான்:
அக்கா, அருமை. 2010இல செய்த வேலையைப் பாத்தனீங்களா? டாலெக்கைக் கொழுக்க வைச்சு, சிவப்பு, வெள்ளை, நீலம், செம்மஞ்சள், மஞ்சள் எண்டு விட்டாங்கள். விளையாட்டுச் சாமான் கடை மாதிரி. ரசிகர் கனபேருக்குப் பிடிக்கேல்ல, 2012இல பழைய வெண்கல நிறம் திரும்ப முன்னுக்கு வந்திட்டுது.

டீச்சரம்மா:
எங்கட டாலெக் இப்ப பள்ளிக்கூட ஸ்டோரில சும்மாதான் கிடக்கு. நாடகத்துக்குத் தேவையான ஆக்கள் கேளுங்கோ, தரலாம். மஞ்சள் பெயின்ற் மட்டும் அடிக்கப்படாது.