ஐடி போய் மொழியின் இடத்தில் உட்கார்ந்தது: ரெயில்ஸ் ரூட் ஹெல்பர் அனுபவங்கள்

ரெயில்ஸ், ரூபி மொழியில் இணையதளம் எழுத உதவும் கட்டமைப்பு. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்வது ரூட், அந்த முகவரியை உருவாக்கித் தரும் மெத்தட் ரூட் ஹெல்பர். இந்த ஹெல்பர்களில் நீங்கள் மாட்டிக்கொண்டு மீண்ட அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ஒரு புத்தகப் பட்டியல் தளம், ஆங்கிலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழையும் சேர்க்க, எல்லா ரூட்களையும் அடைப்புக்குறி போட்ட லொகேல் ஸ்கோப்புக்குள் வைத்தேன், அதாவது முகவரியின் முன்னால் மொழிக்குறி (லொகேல்) வரும்படி. அடைப்புக்குறி இருந்தால் முகவரியில் அந்தப் பகுதி வரலாம், வராமலும் போகலாம். அதனால் பழைய இணைப்புகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். பக்கத்தைத் திறந்தால் பிழை: கட்டாயம் வேண்டிய ஐடி (பதிவின் அடையாள எண்) இல்லையாம். புக்_பாத் ஹெல்பருக்கு நான் புத்தகத்தையே கொடுத்திருக்கிறேன், இதற்குமேல் என்ன ஐடி?

புராஜெக்ட் முழுக்க அந்தப் பெயரில் மெத்தட் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். எங்கும் இல்லை. ரூட்ஸ் கோப்பைப் படித்து, ஆப் ஓடும்போதுதான் ரெயில்ஸ் அதை உருவாக்குகிறது. கன்சோலில் அந்த மெத்தடின் சோர்ஸ்_லொகேஷனைக் (அது எந்தக் கோப்பில் எழுதப்பட்டது என்பதை) கேட்டேன். ஆக்‌ஷன்பேக் ஜெம்மில் (ரெயில்ஸின் ஒரு நூலகம்) உள்ள ரூட்_செட் கோப்பைக் காட்டியது. விஷயம் அங்கேதான் இருந்தது. பெயர் சொல்லாமல் கொடுக்கும் மதிப்புகளை, முகவரியில் உள்ள காலியிடங்களில் இடமிருந்து வலமாக வரிசையாக நிரப்புகிறார்கள். இப்போது முதல் காலியிடம் லொகேல். என் புத்தகம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது, ஐடி காலியாகிவிட்டது. பிழைச் செய்தியிலும் லொகேல் என்பதற்கு நேரே என் புத்தகத்தின் பெயர்தான் இருந்தது. நான் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறேன்.

அதே கோப்பில் இன்னொன்றும் தெரிந்தது. கொடுத்த மதிப்புகள் காலியிடங்களைவிடக் குறைவாக இருந்தால், டிஃபால்ட்_யூஆர்எல்_ஆப்ஷன்ஸில் (முகவரிக்கான இயல்பு மதிப்புகளைத் தரும் மெத்தட்) ஏற்கெனவே உள்ளவற்றை முதலில் கழித்துவிடுகிறது. அப்ளிகேஷன் கன்ட்ரோலரில் அந்த மெத்தடை எழுதி, நடப்பு லொகேலைத் திருப்பி அனுப்பினேன். மூன்றே வரி. இரண்டு நாள் தலைவலி தீர்ந்தது.

*

எனக்கு ஒருமை ரிசோர்ஸில் (ஒன்றே ஒன்று உள்ள பொருளுக்கான ரூட்களை ஒரே வரியில் அறிவிப்பது) வந்தது. ஒரு பயனருக்கு ஒரே புரொஃபைல்தான் என்பதால் 'ரிசோர்ஸ்' என்று ஒருமையில் அறிவித்திருந்தேன். படிவம் உருவாக்கும் ஃபார்ம்_வித்திடம் மாடலைக் (தரவுப் பதிவைக்) கொடுத்ததும் புரொஃபைல்ஸ்_பாத் என்ற ஹெல்பரே இல்லை என்றது. புதிய பதிவு என்றால் அது பன்மைப் பெயரைத்தான் தேடும். சேமித்த பதிவைத் திருத்தும்போது இன்னும் விசித்திரம், பிழையே வராது. ஃபார்மின் முகவரி '/புரொஃபைல்.5' என்று ஆகிவிடும்! ஒருமை ரூட்டில் ஐடிக்கு இடமில்லை, ஃபார்மட் (முகவரியில் புள்ளிக்குப் பின் வரும் கோப்பு வடிவம்) ஒன்றுதான் காலி. மேலே நண்பர் சொன்ன அதே வரிசை வேலைதான்: ஐடி போய் ஃபார்மட் ஆகிவிட்டது. பிழை வராத தவறுதான் ஆளை அதிகம் அலையவிடும்.

இது நெடுநாளாக உள்ள பிழை என்று ரெயில்ஸ் கையேட்டின் பழைய பதிப்புகளே ஒப்புக்கொண்டிருந்தன. 2017-இல் வந்த 5.1 பதிப்பு முதல் 'ரிசால்வ்' இருக்கிறது. இந்த மாடல் வந்தால் இந்த ஒருமை ரூட்டுக்குப் போ என்று ரூட்ஸ் கோப்பில் ஒரு வரி சொன்னால் போதும். ஒரே ஒரு ஃபார்ம்தான் என்றால் முகவரியை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், அடுத்து வருபவருக்கும் படித்ததும் புரியும்.

*

சின்னதாக ஒன்று. நியூஸ் என்று ரிசோர்ஸஸ் (பன்மை அறிவிப்பு) போட்டுவிட்டு, பட்டியல் பக்கத்துக்கு நியூஸ்_பாத் என்று எழுதினேன். ஐடி கேட்டு நின்றது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே என்பதால், பட்டியலுக்கு நியூஸ்_இண்டெக்ஸ்_பாத் என்று ரெயில்ஸ் பெயர் வைத்துவிடுகிறது. இதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றிலிருந்து ஹெல்பர் பெயரை நினைவிலிருந்து எழுதுவதை விட்டுவிட்டேன். எல்லா ரூட்களையும் காட்டும் ரெயில்ஸ் ரூட்ஸ் கட்டளையை, தேடுவதற்கான -ஜி சேர்த்து ஓட்டி, பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். '/புரொஃபைல்.5' என்று படித்ததும் எங்கள் தளத்தின் லாகைத் திறந்து பார்த்தேன். கணக்குப் பக்கத்தில் அதே புள்ளியும் எண்ணும், பல மாதங்களாக. ரிசால்வ் வரியைச் சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி நண்பரே.