அர்ணவை ரொம்ப நல்லவனாக்கி விடுகிறார்கள்: நீங்கள் படித்த ரசிகர் கதைகளைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரி

'இது காதலா' சீரியலின் கதாநாயகன் அர்ணவை வைத்து எழுதுகிற ரசிகர் கதைகளை இங்கே யாரெல்லாம் படிக்கிறீர்கள்? அதன் மூலமான இந்தி சீரியல் ஸ்டார் பிளஸில் 2011இல் தொடங்கி, 2012 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, ஆனால் கதை எழுதிப் போடுகிற வாட்பேட் தளத்தில் அந்த ஆள் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொண்டே இருக்கிறான். நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இதுதான் வாசிப்பு.

பாதிக்கு மேல் கதைகளில் அவன் சீக்கிரமே கதாநாயகி குஷியிடம் மன்னிப்புக் கேட்டு, அழுது, உருகிவிடுகிறான். எனக்கு அங்கேயே சப்பென்று போய்விடும். சின்ன வயதில் அம்மா தற்கொலை செய்துகொண்டதால் இப்படி ஆகிவிட்டான் என்று ஒரு பிளாஷ்பேக்கைப் போட்டு மொத்தக் கோபத்துக்கும் கணக்கு முடித்துவிடுகிறார்கள். சீரியலில் அவன் அப்படியா? அக்கா புருஷனோடு குஷிக்குத் தொடர்பு என்று தப்பாக நினைத்து, அக்கா வாழ்க்கையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, ஒரு தப்பும் செய்யாத குஷியை மிரட்டி ஆறு மாத ஒப்பந்தத்தில் தாலி கட்டுகிறான். அதே ஆள்தான் நீச்சல்குளத்துப் பக்கம் இருக்கிற செடிகளை வேறு யாரையும் தொடவிடாமல் தானே பார்த்துப் பார்த்து வளர்க்கிறான். சாமி இல்லை என்பான், அக்கா கூப்பிட்டால் பூஜையில் வந்து நிற்பான். இதை எதற்குச் சரிசெய்ய வேண்டும்?

மார்த்தாண்டம் பிள்ளை

எக்கா, நான் ஒன்று படித்தேன், எழுதினது நம்ம ஊர்ப் பெண்தான் போல. கதை தோவாளையில் நடக்கிறது, அவனுக்குப் பூ ஏற்றுமதி, குஷி ஜிலேபிக்குப் பதில் முந்திரிக்கொத்து சுடுகிறாள். அவனுக்குத்தான் சர்க்கரை வியாதியே. மேசையில் டப்பாவை வைத்ததற்கு வீடே அதிர அவளைத் திட்டி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று உருண்டை ஒட்டியிருக்கிற கொத்தில் ஒன்றை மட்டும் பிய்க்கிறான். மேலே இருக்கிற மாவுத் தோலை உரித்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இருக்கிற பயறை மட்டும் தின்கிறான், அப்புறம் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். மறுநாள் காலையில், இந்த வீட்டுக்குள் இனிமேல் இனிப்பு வரக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்கிறான். அவ்வளவுதான். ஏன் தின்றான், ஏன் அப்படிச் சொன்னான் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு அந்த உரித்து வைத்த தோல்தான் மனதிலேயே நிற்கிறது.

குலசேகரம்

கதை நன்றாகத்தான் இருக்கிறது மக்கா, ஆனால் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. மிரட்டித் தாலி கட்டினதையும் செடி வளர்த்ததையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். அவனுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், குஷிக்குள்ளே என்ன ஓடியது என்று எழுதினவர்கள் கம்மி. அவளும்தான் முரண்பாடு. அப்பா உடம்புக்கு முடியாமல் கிடக்கிற நேரத்தில் வீட்டில் வாயைத் திறக்காமல், அர்ணவ் வீட்டில் தான் கும்பிடுகிற சாமி தேவி மையாவிடம் ராத்திரி முழுக்கப் புலம்புகிறாள், மறுநாள் சிரித்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கிறாள். அவனை வெறுக்கவும் வெறுக்கிறாள், அவன் சாப்பிடாமல் இருந்தால் பதறவும் பதறுகிறாள். இதை யாராவது ஒழுங்காக எழுதியிருந்தால் லிங்க் போடுங்கள், நான் படிக்கிறேன்.

தக்கலைக்காரி

நியாயம்தான். ஆனால் அவனை அழவைத்துத் திருத்திவிட்டால் அவள் பட்டதும் சேர்ந்து காணாமல் போய்விடுகிறது, என் கோபமும் அதுதான். தோவாளைக் கதை லிங்க் எங்கே?

மார்த்தாண்டம் பிள்ளை

இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் பாதியில் நிற்கிறது எக்கா, ஓணம் கழிந்து எழுதுகிறேன் என்றவள் ஆளையே காணோம்.