வாராந்திர டெஸ்டுக்குப் பரிசு கொடுத்தும் மார்க் ஏறவில்லை

கேள்வி: எட்டாம் வகுப்பு, 40 பேர். வெள்ளிதோறும் 25 மார்க் கணக்கு டெஸ்ட். முதல் மூன்று பேருக்குப் பேனா. ஆறு வாரமாக அதே நாலைந்து பேர்தான் வாங்குகிறார்கள். மற்றவர்கள் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். எதை மாற்றுவது?

பதில் 1: ரேங்கை விட்டுவிடுங்கள் சார். 9 எடுக்கிற பையன் 24-ஐ நினைத்தே பார்க்க மாட்டான். ஏற்கெனவே முடிந்த மூன்று டெஸ்டை வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சராசரி போட்டு, அதைவிட 2 மார்க் கூடினால் ஒரு டோக்கன். திட்டத்தை அறிவித்த பிறகு சராசரி எடுத்தால், வேண்டுமென்றே குறைத்து எழுதுவார்கள். சராசரி 23-ஐத் தாண்டியவர்களுக்கு 2 மார்க் ஏற இடமில்லை. இறங்காமல் இருந்தாலே டோக்கன். மாதம் ஒருமுறை சராசரியைப் புதுப்பியுங்கள்.

பதில் 2: நான் மார்க்குக்கே பரிசு தர மாட்டேன். அமெரிக்காவில் ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளாதார அறிஞர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து நடத்திய சோதனைகளில், நியூயார்க்கில் தேர்வு மார்க்குக்குக் கொடுத்தது பலிக்கவில்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்த புத்தகத்துக்கு 2 டாலர். வாசித்துப் புரிந்துகொள்வது கூடியது. மார்க் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, அதற்கு என்ன செய்வது என்பதுதான் பிள்ளைக்குத் தெரிவதில்லை. அதனால் தப்பான கணக்கைத் திங்களுக்குள் முழு ஸ்டெப்போடு போட்டு, எங்கே சறுக்கியது என்று ஒரு வரி எழுதினால் டோக்கன். 'கவனக்குறைவு' என்று எழுதினால் செல்லாது. 'அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது மைனஸை இரண்டாவது உறுப்போடு பெருக்கவில்லை' என்றால் செல்லும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்தான். எண்ணை மாற்றி ஒரு கணக்கைப் போர்டில் போடச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: டோக்கனை டெர்ம் முடிவில் மொத்தமாகப் பரிசாக மாற்றிக்கொடுக்கலாமா? குழுவுக்குக் கொடுத்தால்?

பதில் 3: டெர்ம் முடிவு ரொம்பத் தூரம். சிகாகோ வட்டாரப் பள்ளிகளில் தேர்வு முடிந்த கையோடு கிடைக்கும் என்ற பரிசு வேலை செய்தது; ஒரு மாதம் கழித்து என்றதும் பலனே இல்லை. ஐந்து டோக்கன் சேர்ந்த அன்றே மாற்றிக்கொடுங்கள். குழுவென்றால் ஐந்து பேர், கலந்து. குழுச் சராசரி பார்த்தால் கெட்டிக்காரன் ஒருவனே இழுத்துவிடுவான். சீட்டுக் குலுக்கி ஒரு பேப்பரை மட்டும் எடுத்து, அந்த மார்க்கை வைத்தே குழுவுக்குக் கொடுங்கள். யாருடையது என்று வெளியே சொல்லாதீர்கள், மார்க் குறைந்தால் அந்தப் பிள்ளையைத்தான் மொய்ப்பார்கள். பார்த்து எழுதாமலிருக்க வினாத்தாள் இரண்டு செட் கட்டாயம்.