ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே வரும் காற்று: உங்கள் அனுபவம் என்ன?

தெற்கத்திக்காரன்:

வேலை சென்னையில், வீடு நாகர்கோவிலில். வருடத்துக்கு மூன்று முறையாவது அந்த 700 கிலோமீட்டரையும் மோட்டார் பைக்கிலேயே போகிறேன். செங்கல்பட்டைத் தாண்டி வேகம் 90ஐத் தொட்டதும் தொடங்கிவிடும். யாரோ பின்னால் உட்கார்ந்துகொண்டு இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைப் படபடவென்று தட்டிக்கொண்டே வருவது போல் இருக்கும். விழுப்புரம் வரை பொறுத்துக்கொள்ளலாம். திருச்சி வருவதற்குள் கழுத்து கட்டையாகிவிடும். பெயர்ப்பலகை எழுத்துகள் கண்முன்னே ஆடும். மதுரைக்கு 60 என்று எழுதியிருக்கிறதா 80 என்று எழுதியிருக்கிறதா என்பது கிட்டே போனால்தான் தெரியும்.

வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி சிறியதாக இருப்பதால்தான் காற்று அடிக்கிறது, பெரியதாகப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பி, ஒரு சாண் கூடுதல் உயரத்தில் விண்ட்ஷீல்டு வாங்கி மாட்டினேன். நெஞ்சில் காற்றே படவில்லை. ஆனால் தலையாட்டம் முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போது 80லேயே தொடங்கியது. காசும் போயிற்று, கழுத்தும் போயிற்று.

விடை கிடைத்தது கோவில்பட்டிக்குத் தெற்கே. விடியற்காலை, சாலையில் ஆளே இல்லை. இடுப்பு வலிக்கிறதே என்று கால்மிதியில் எழுந்து நின்றேன். சட்டென்று சத்தம் அடங்கிவிட்டது. நெஞ்சில் பலமாகக் காற்று அழுத்தியது, ஆனால் ஒரே சீராக. உட்கார்ந்தேன், மறுபடியும் படபட. பிறகு தாடை டேங்க்கைத் தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன், கோயில் கருவறைக்குள் நுழைந்தது போல் அமைதி. மேலேயும் தொல்லை இல்லை, கீழேயும் தொல்லை இல்லை. நடுவில் ஒரு முழம் உயரத்துக்குக் காற்று கிழிந்துகிடக்கிறது, என் தலை மிகச் சரியாக அங்கே இருக்கிறது.

தாமிரபரணியில் குளித்தவர்களுக்கு இது புரியும். ஓடும் நீரில் பாறை ஒன்று நின்றால், முன்பக்கம் நீர் ஒழுங்காகப் பிரிந்து போகும், பின்பக்கம் சுழிக்கும். விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் போல ஆகிவிடுகிறது. மேலே போகும் காற்று அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு உருண்டு விழுகிறது. நாம் படுகிற அறை அதுதான்.

இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்த கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடியின் உட்புறத்திலும் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியிலும் செலோ டேப்பால் ஒட்டினேன். நண்பன் காரில் பக்கத்திலேயே வர, அவன் மனைவி படம்பிடித்தார். கண்ணாடியின் உட்புற நூல்கள் பின்னோக்கிப் பறக்கவில்லை. முன்னோக்கிச் சாய்ந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. தாடையில் இருந்தவை மேல்நோக்கித் துடித்தன. 1976இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வண்டியின் முகப்பை இத்தாலியில் பினின்ஃபரீனா என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை வீசவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் வைத்து உருவாக்கினார்களாம். நமக்கு வாய்த்தது கம்பளி நூல்.

அதற்குப் பிறகு செய்தது சின்ன வேலை. பழைய குட்டைக் கண்ணாடியையே திரும்ப மாட்டினேன். அதன் நான்கு போல்ட்டுகளுக்கும் நீளமான போல்ட்டு வாங்கி, இடையில் ரப்பர் வாஷர்களை அடுக்கி, கண்ணாடியை வண்டியின் முகப்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே தள்ளினேன். அடியில் கிடைத்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. மேலே இருக்கும் காற்று விழுவதற்கு இடமில்லை. மொத்தச் செலவு ஒரு சாப்பாட்டுக் காசு. இப்போது 95 வரை தலை ஆடுவதில்லை. அதற்கு மேல் நான் போவதுமில்லை.

உங்களுக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை? சொல்லுங்கள்.

கோவைக்காரி:

அண்ணா, உங்கள் வைத்தியத்தை அப்படியே எல்லாருக்கும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். என் உயரம் 5 அடி 2 அங்குலம். கம்பெனி கொடுத்த கண்ணாடியே எனக்குப் போதுமான உயரம், காற்று தலைக்கு மேலேயே போய்விடுகிறது. இருந்தும் ஆறு மாதம் கழுத்துவலியோடு அலைந்தேன்.

குற்றவாளி ஹெல்மெட். அழகாக இருக்கிறதே என்று நெற்றிக்கு மேலே தொப்பி விளிம்பு போல அலகு நீட்டிய சாகசப் பயண ஹெல்மெட்டை வாங்கியிருந்தேன். நேராகப் பார்க்கும்வரை தொந்தரவு இல்லை. முந்துவதற்கு முன் வலப்பக்கம் தலையைத் திருப்பினால், காற்று அந்த அலகைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருகும். பொள்ளாச்சிச் சாலையில் ஒரு நாள் அப்படித் திருகியதில் வண்டியே அரை அடி விலகிப் போனது. அன்று மாலையே இரண்டு திருகாணிகளைக் கழற்றி அலகை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பாதித் தொல்லை அதோடு தீர்ந்தது.

மீதிப் பாதி அளவு. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். எனக்கு ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றியது. கடைக்காரர் தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரியதாகக் கொடுத்திருந்தார். நானும் துணி எடுப்பது போல எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்!

மொட்டைவண்டி:

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்ணாடியையே கழற்றி எறிந்துவிட்டவன் நான். நேராக நெஞ்சில் வந்து சாயும் காற்றுக்கு உடம்பு பழகிவிடுகிறது, தலை ஆடுவதே இல்லை. ஒரே நாளில் 500 கிலோமீட்டர் போனால் கைகள் கழன்றுவிடும் என்பது உண்மை. மழை வந்தால் அது தனிக்கதை. யாராவது காசு கொடுத்து உயரமான கண்ணாடி வாங்குவதற்கு முன், இருப்பதைக் கழற்றிவிட்டு ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சத்தமும் ஆட்டமும் குறைந்தால் நோய் கண்ணாடியில், குறையாவிட்டால் ஹெல்மெட்டில்.

ஆரல்வாய்மொழி வாசி:

தம்பிகளே, நீங்கள் சொல்வதெல்லாம் வண்டி உண்டாக்குகிற காற்று. எங்கள் ஊர்க் காற்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கண்ணாடியை மாற்றினால் பயன் கிடையாது.

வைகாசி முதல் ஆவணி வரை கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கொட்டும். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டுவைத்திருக்கிறார்கள்? வள்ளியூரிலிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு அது வலப்பக்கத்திலிருந்து அறையும். காவல்கிணற்றில் நாகர்கோவில் பக்கம் திரும்பியதும் அதே காற்று முகத்துக்கு நேரே நிற்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை.

பத்து வருடத்துக்கு முன்பு எனக்கு நடந்தது. பின்னால் பெரிய பெட்டி, அது நிறையப் பொருள். ஒரு கன்டெய்னர் லாரியை முந்தினேன். அது எனக்கு இடப்பக்கம், காற்று வலப்பக்கம். காற்று என்னை லாரியின் மேல் சாய்த்தது. பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். நான் இறுக்க இறுக்க வண்டி பாம்பு போல நெளிந்தது. வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்த்தேன், நெளிவு கூடியது. கடைசியில் கையைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைத்தபிறகுதான் அடங்கியது. நாங்குநேரிக் கடையில் தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது.

அன்றிலிருந்து பின்பெட்டியில் மழைச்சட்டையும் மிக்சர் பொட்டலமும் மட்டும்தான். கனமானதெல்லாம் பக்கப் பைகளில், தாழ்வாக. பின்னால் உயரத்தில் கனம் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், அப்புறம் காற்று வைத்ததுதான் சட்டம். இன்னொன்று, வேகம் 80லிருந்து 100 ஆனால் கால் பங்குதானே கூடுகிறது என்று நினைக்காதீர்கள். காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எங்கள் பக்கம் வந்தால் 70க்கு இறங்கிவிடுங்கள். அவசரமாக வந்து எங்கே போகப்போகிறீர்கள், அதற்கு அப்பால் கடல்தானே?

காதுவலிக்காரன்:

காதைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு இரவில் தலையணையில் சாய்ந்தால் இடது காதில் சில்வண்டு கத்துகிறது. பதினான்கு வருடம் காதை அடைக்காமல் ஓட்டியதற்குக் கிடைத்த பரிசு.

100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95, 100 டெசிபெல் வரை போகும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். சென்னையிலிருந்து விழுப்புரம் எத்தனை பதினைந்து நிமிடம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மெத்தென்ற ஃபோம் அடைப்பான் போதும். அதை அப்படியே திணித்தால் வேலை செய்யாது. விரல்களில் உருட்டி ஊதுபத்திக் குச்சி போல மெலிதாக்க வேண்டும். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதுமடலை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே செலுத்தி, உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். ஹாரன் கேட்காதே என்று பயப்படாதீர்கள். இரைச்சல் அடங்குவதால் ஹாரன் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. ஒருமுறை சோதனைச்சாவடியில் பாட்டு கேட்டுக்கொண்டா வருகிறாய் என்று நிறுத்தினார்கள். எடுத்துக் காட்டினேன். அவர் மூக்கைச் சுளித்துவிட்டு, போ என்றார்.

புதுக்கண்ணாடி:

ஒரு சின்னச் சேதி. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைப் பெட்ரோல் தொட்டுத் துடைக்காதீர்கள். நான் துடைத்தேன். போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றிச் சிலந்திவலை போல விரிசல். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால் பூச்சி தானே ஊறிக் கழன்றுவிடும்.

தெற்கத்திக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கோவைச் சகோதரி சொன்னபடி ஹெல்மெட்டை ஆட்டிப் பார்த்தேன், எனக்கும் தனியாகத்தான் சுற்றுகிறது. புதியது வாங்கிவிட்டேன். பெட்டிச் சுமையும் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் புதுச் சிக்கல். போன வாரம் மனைவியை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வரை போய்வந்தேன். எனக்குச் சொர்க்கம். இறங்கியதும் அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "இத்தனை நாள் உங்களை அறைந்த காற்று இப்போது என்னை அறைகிறது" என்றாள். என்னைத் தாண்டிய காற்று அவள் தலைமேல்தான் விழுகிறது போலிருக்கிறது. இருக்கையில் என்னை ஒட்டி உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது என்கிறாள், வெயிலில் அது எத்தனை நேரம் முடியும்? வெள்ளிக்கிழமை இரவு இருவருமாக ஊருக்குக் கிளம்புகிறோம். பின்னால் உட்காருகிறவர்களுக்கு இதைத் தீர்த்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவள் ரயிலில் போகிறாளாம், டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.