சைகொனிலிருந்து ஹுவே வரை பான் ஸெயோ: எந்த ஊரில் எது, எப்படிக் கேட்டு வாங்குவது?

வெள்ளவத்தை_வாசகி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாதம் வியட்நாம் போக இருக்கிறம். சைகொனில் இறங்கி, ரயிலில் குய் ஞோன், தா நாங், ஹுவே என்று வடக்கே போறதாகத் திட்டம். மூன்று பேர். அம்மா முழுச் சைவம், மீன் சோஸும் தொடமாட்டா. கணவர் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார், மற்றதெல்லாம் சரி.

பான் ஸெயோ என்ற வியட்நாம் அரிசிமாப் பலகாரம் பற்றித்தான் கேட்கவேணும். ஒரு படத்தில் முறுகல் தோசை அளவில் மஞ்சளாக இருக்கு. இன்னொன்றில் உள்ளங்கை அளவு, வெள்ளை நிறம். ஒரு ஊரில் இலையில் சுற்றுகினம், மற்ற ஊரில் கடதாசி மாதிரி எதிலேயோ சுற்றுகினம். இதெல்லாம் ஒரே சாப்பாடுதானா? எந்த ஊரில் எதைத் தவறவிடக் கூடாது? எங்கட மூன்று பேருக்கும் என்ன சொல்லிக் கேட்கவேணும்?

அப்பச்சட்டி:

தங்கச்சி, பெயர் ஒன்று, சாப்பாடு குறைந்தது நான்கு. "ஸெயோ" என்றது சூட்டுத் தாச்சியில் மா விழும்போது எழும் சத்தம். அரிசிமாக் கரைசல், எண்ணெய், சூடு, அந்தச் சத்தம், இவ்வளவுதான் எல்லா ஊருக்கும் பொது. தோசை என்று நினைத்துக்கொண்டு போகாதேங்கோ. மா புளிக்க வைப்பதில்லை, உளுந்தும் இல்லை. தோசைக்குக் கறி தொட்டுக்கொள்வது. இங்கே தட்டில் பாதி பச்சை இலை. இலையை ஒதுக்கிவிட்டு அப்படியே கடித்தால் எண்ணெய்ப் பலகாரம் மாதிரித் திகட்டும், பிறகு "இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும். பிழை சாப்பாட்டில் இல்லை.

சைகொனும் மேகொங் பக்கமும்: பெரிசு, மெல்லிசு, மஞ்சள். கரைசலில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் இருக்கும். உள்ளே இறால், பன்றி, பயற்றம் முளை, அவித்த பயற்றம்பருப்பு. அரைவட்டமாக மடித்து வரும். அகலமான கடுகு இலையை உள்ளங்கையில் விரித்து, ஒரு துண்டு பான் ஸெயோ, இரண்டு மூன்று வாசனை இலை வைத்து இறுக்கிச் சுருட்டி, நுவோக் சம்மில் தோய்க்கவேணும். நுவோக் சம் என்றது மீன் சோஸ், சீனி, தேசிக்காய், தண்ணீர், உள்ளி, மிளகாய் கலந்த தண்ணிச் சாறு. கடுகு இலையின் காரம்தான் தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டும். சலாது இலையில் மட்டும் சுற்றினால் அந்த வேலை நடக்காது. மீன் வாடையடிக்கும் இதய வடிவ இலை ஒன்று தட்டில் இருக்கும், தியெப் கா என்று பெயர். முதல் உருண்டையில் அதைப் போடாமல் தொடங்குங்கோ, பிறகு ஒரு இலை போட்டுப் பாருங்கோ.

மேகொங் பக்கத்து நகரமான கன் தோவுக்கு ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் இலைத்தட்டு இன்னும் பெரிசு. மாங்கொழுந்து வரும். "லா காச்" என்ற இலை எங்கட முன்னையின் இனம். தியென் தியென் என்ற மஞ்சள் பூவை உள்ளே போடுவினம், அது அகத்தி இனம், ஆனால் வெள்ளம் வரும் செப்டெம்பர் முதல் நவம்பர் வரைதான். மார்ச்சில் அதைத் தேடி அலையவேண்டாம், தென்னங்குருத்துப் போட்டதைக் கேளுங்கோ.

குய் ஞோன்: நீங்கள் படத்தில் பார்த்த சின்ன வெள்ளை அங்கத்தையது. "தோம் ஞாய்", துள்ளும் இறால் என்று பெயர். ஊறவைத்து அரைத்த அரிசி, தேங்காய்ப்பால் இல்லை, மஞ்சள் இல்லை. சின்ன இறாலைத் தலைமுள் நறுக்கி ஓட்டோடு போடுவினம். ஓடு மெல்லிசு, அப்படியே கடித்துச் சாப்பிடலாம். இதை மெல்லிய அரிசித்தாளில் (பான் திராங் என்பினம், கடதாசி மாதிரி என்று நீங்கள் சொன்னது இதுதான்) வெள்ளரி, மாங்காய்ச் சீவலோடு சுற்றுவது. இதன் சொந்த இடம் துய் ஃபுவோக்கிலுள்ள மி காங். அவ்வளவு தூரம் போக நேரமில்லாவிட்டால் நகரத்துக்குள் தியென் ஹொங் தெருவில் கடைகள் இருக்கு. இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்லுவன். மறைக்கத் தேங்காய்ப்பால் இல்லாததால் அரிசியும் இறாலும் நல்லதா இல்லையா என்று முதல் கடியிலேயே தெரியும்.

தா நாங்: சின்னது, மஞ்சள், அரிசித்தாளில்தான் சுற்றுவது. தொடுசாறு தண்ணியாக இராது, கச்சானும் ஈரலும் சேர்ந்த தடித்த குழம்பு. ஹுவாங் தியூ தெருவின் ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய கடை எல்லாருக்கும் தெரிந்தது. கேட்காமலே நெம் லுயி என்ற இறைச்சிக் குச்சிகளை மேசையில் வைப்பினம். சாப்பிட்ட குச்சியை எண்ணித்தான் கணக்கு. வேண்டாம் என்றால் தொடாமல் விடுங்கோ, காசு இல்லை.

ஹுவே: அங்கே பெயரே வேறு, பான் குவாய். நீளப் பிடி வைத்த சின்ன வார்ப்பிரும்புத் தாச்சியில், தடிப்பாக, முட்டை ஊற்றி, கிட்டத்தட்டப் பொரித்தே எடுப்பது. அரிசித்தாள் இல்லை. கூடவே புளிப்பான விளிமிக்காய் (நட்சத்திரப் பழம்) சீவலும் வாழைக்காய்த் துண்டும் வரும். துவர்ப்பும் புளிப்பும் அந்த எண்ணெய்க்கு வேணும், தள்ளி வைக்காதேங்கோ.

தேசிக்காய்ப்புளி:

அண்ணை சாப்பாட்டைச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் கணவருக்கும் உள்ள சிக்கலை நான் சொல்லுறன், இதில்தான் கனபேர் தடுமாறுகினம்.

முதலாவது, "இறால் மட்டும்" என்று கேட்டு வாங்கினாலும் பன்றி வர மூன்று வழி இருக்கு. சில கடைகளில் பொரிப்பதே பன்றிக் கொழுப்பில். ஒரே தாச்சியில் முதல் ஆளுக்கு இறைச்சி வதக்கியிருப்பினம். மூன்றாவது தொடுசாறு: தா நாங்கிலும் ஹுவேயிலும் வரும் கச்சான் குழம்பு பார்க்க எங்கட கச்சான் சட்னி மாதிரி இருக்கும், ஆனால் அதில் பன்றி ஈரல் அரைத்திருக்கும். ஹுவேயில் அதன் பெயர் நுவோக் லேயோ. கணவர் அதை விட்டு, தண்ணி மீன் சாறைக் கேட்கவேணும். குய் ஞோன் அவருக்கு வசதியான ஊர். இறால் (தோம்), மாட்டிறைச்சி (போ), கணவாய் (முக்) என்று தனித்தனியாகச் சுடுவினம். எண்ணெய் என்ன என்று மட்டும் கேட்டால் போதும்.

ஆனால் வாயால் கேட்பதை நம்பாதேங்கோ. அந்த மொழியில் ஒரே அசை ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். "பன்றி இறைச்சி வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம், சமையல் எண்ணெயில் சுடுங்கோ" என்ற வசனத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதி, படமாகச் சேமித்து, தாச்சிக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுங்கோ. மேசைக்கு வரும் பிள்ளையிடம் காட்டினால் அது அடுப்புவரை போய்ச் சேராமல் போகலாம்.

அம்மாவுக்குச் சாதாரணக் கடையில் "இறைச்சி இல்லாமல்" என்று கேட்பது வீண். மீன் சோஸ் அங்கே எங்கட உப்பு மாதிரி. "சய்" என்று பலகை போட்ட சைவக் கடைக்கே போங்கோ. அங்கே பான் ஸெயோ சய் கிடைக்கும்: காளான், டோஃபு, பயற்றம்பருப்பு, முளை. தொடுசாறும் சைவச் சாறு. பௌத்தச் சைவம் என்பதால் பல கடைகளில் வெங்காயம், உள்ளிகூட இராது. சந்திர மாதத்தின் 1 ஆம், 15 ஆம் நாள்களில், அதாவது எங்களுக்கு அமாவாசை, போயாவை (பௌர்ணமி) ஒட்டிய நாள்களில், கனபேர் சைவம். அன்றைக்குச் சாதாரணக் கடைகள் சிலவும் சைவம் போடும், சைவக் கடைகளில் சனம் நெரியும், நேரத்தோடு போங்கோ. பயணத் திகதியைப் போயாவோடு பொருத்த முடிந்தால் அம்மாவுக்குப் பெரிய உதவி. ஹுவே கோயில்கள் நிறைந்த ஊர், அங்கே சைவச் சாப்பாட்டுக்கு மற்ற நாளிலும் குறைவில்லை.

சைகொனில் ஒரு பின்னேரம் துரோங் தின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. பென் தான் சந்தையிலிருந்து நடை தூரம்.

வெள்ளவத்தை_வாசகி:

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. ஈரல் விஷயம் தெரியாமல் போயிருந்தால் பெரிய சங்கடம்.

போக முதல் வீட்டில் ஒருக்கால் செய்து பார்க்கலாமா? வறுத்த அரிசிமாவில் கரைத்தால் நடு மெத்தென்று பிட்டு மாதிரி உடையுது, ஓரம் முறுகுதில்லை. தண்ணீர் கூட்டினாலும் அதே.

அகப்பை:

மாதான் பிழை. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் வறுத்த மா சரி, ஏனென்றால் அங்கே மா தண்ணீரை இழுத்துப் பிடிக்கவேணும். இங்கே தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி ஓட்டை ஓட்டையாக வலை விடவேணும். வறுத்த மா தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கூட ஊற்றினால் கஞ்சியாகத்தான் நிற்கும். வறுக்காத, நைசான வெள்ளைப் பச்சையரிசி மா வேணும். சிவப்பரிசி மா, புழுங்கல் இரண்டும் வேண்டாம். கிறைண்டர் இருந்தால் பச்சையரிசியை 4 மணித்தியாலம் ஊறவைத்து அரைப்பது இன்னும் நல்லது.

தெற்கு முறைக்கு: மா 250 கிராம், சோளமா 2 மேசைக்கரண்டி, மஞ்சள் 1 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, முதற்பால் 150 மில்லி, தண்ணீர் 450 மில்லி, வெங்காயத்தாள் ஒரு பிடி. கரைத்து 1 மணித்தியாலம் வையுங்கோ. பாலப்பத்துக்கு ஊற்றுவதைவிடத் தண்ணியாக, அகப்பையின் முதுகில் மெல்லிய படலமாக மட்டும் ஒட்டவேணும். முதற்பாலைக் கூட்டினால் ருசி கூடும் என்று நினைக்கத் தோன்றும், செய்யாதேங்கோ. நிறம் சட்டென்று ஏறும், நடு வேகமுதல் ஓரம் கருகும், ஆற முதலே மெத்தென்று ஆகும்.

26 சென்ரிமீற்றர் தாச்சி, நடுத்தரத்துக்கு மேல் சூடு. 1 மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயமும் இறாலும் ஒரு நிமிடம். பிறகு கரைசலை அடியிலிருந்து கலக்கி 100 மில்லி ஊற்றித் தாச்சியைச் சுழற்றுங்கோ. ஒவ்வொரு முறையும் கலக்கவேணும். அரிசிமா அடியில் இறங்கும். கலக்காவிட்டால் முதல் இரண்டு கிழியும், கடைசி இரண்டு ரொட்டி மாதிரி வரும். ஊற்றும்போது சத்தம் வராவிட்டால் சூடு போதாது, அது கட்டாயம் ஒட்டும். ஒரு பாதியில் முளையும் அவித்த பருப்பும் ஒரு சின்னப் பிடி தூவி, மூடி போட்டு ஒன்றரை நிமிடம். மூடியை எடுத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, திறந்தபடியே 3, 4 நிமிடம் பொறுங்கோ. முறுகல் இந்தப் பொறுமையில்தான் வரும். ஓரம் தானாக எழும்பும்வரை கரண்டி போடவேண்டாம். திருப்பிப் போடுவதும் இல்லை. முளை கூடினால் அது விடும் தண்ணீர் எல்லாத்தையும் கெடுக்கும்.

நுவோக் சம்முக்கு மீன் சோஸ் 1, சீனி 1, தேசிப்புளி 1, இளஞ்சூட்டுத் தண்ணீர் 5. சீனி கரைந்த பிறகு உள்ளியும் மிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டால் மேலே மிதக்கும், அதுதான் சரி. அம்மாவுக்கு மீன் சோஸுக்குப் பதில் இளநீரில் உப்பும் கொஞ்சம் சோயா சோஸும் விட்டு அதே அளவில்.

சுட்டதும் ஒருவர் சாப்பிட, மற்றவர் காத்திருக்கவேணும். ஒன்றுக்குமேல் ஒன்று அடுக்கினால் ஆவியில் எல்லாம் துவண்டுவிடும். அங்கே கடை தெரிவு செய்வதற்கும் இதே அளவுகோல்தான். நான்கைந்து தாச்சி வரிசையாக எரியுதா பாருங்கோ. சுட்டு அடுக்கி வைத்திருந்தால் அடுத்த கடை.

அப்பச்சட்டி:

அகப்பை சொன்ன சோளமா தெற்கு முறைக்குச் சரி. குய் ஞோன் மாதிரிச் செய்வதென்றால் அது வேண்டாம், அரைத்த அரிசி மட்டும் போதும், சின்னத் தாச்சியில்.

ரயில் விஷயம்: குய் ஞோனுக்குப் பிரதான பாதையில் நிலையம் தியூ ட்ரீ, நகரத்துக்கு 10 கிலோமீற்றர் அளவு. சைகொனிலிருந்து 630 கிலோமீற்றர், இரவு வண்டியில் படுத்துப் போகலாம். அங்கிருந்து தா நாங் 300. தா நாங்கிலிருந்து ஹுவே 100 தான், ஆனால் ஹாய் வான் மலைக்கணவாயைச் சுற்றி ஊர்ந்து போகும். பகல் வண்டி எடுங்கோ, வடக்கே போகும்போது கடல் வலது பக்கம். இன்னொன்று, 2025 யூலை 1 முதல் மாகாணங்களை இணைத்துவிட்டினம். குய் ஞோன் இருந்த பின் தின் இப்ப கியா லாய் மாகாணத்துக்குள். பழைய முகவரியும் புதிய முகவரியும் ஒத்துவராவிட்டால் குழம்பவேண்டாம், தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கோ.

தேசிக்காய்ப்புளி:

மீன் சோஸ் வாங்கிக்கொண்டு வர யோசித்தால், கைப்பையில் விடமாட்டினம். சில விமானங்கள் பெரிய பெட்டியிலும் மறுக்கும், போத்தல் உடைந்தால் மணம் போகாது என்பதால். பயணச்சீட்டு எடுத்த நிறுவனத்திடம் முதலே கேளுங்கோ. அரிசித்தாளுக்கு அந்தத் தடை இல்லை. பாரமும் இல்லை, இரண்டு கட்டு கூட வாங்குங்கோ.

வெள்ளவத்தை_வாசகி:

சரி அக்கா. பச்சையரிசி இப்ப ஊறுது. மார்ச் போயாவுக்கு ஹுவேயில் நிற்கிற மாதிரித் திகதியை மாற்றிப் பார்க்கிறன்.