அறுபதாம் கல்யாணப் படத்தில் நாயையும் நிறுத்தலாமா?

ஓமலூர்க்காரி:
அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஏற்காட்டில் போட்டோகிராபரை வைத்துக் குடும்பப் படம் எடுக்கிறோம். எங்கள் ராஜபாளையம் நாய் மணியும் அதில் இருக்க வேண்டுமாம், அப்பா வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். ஆனால் புது ஆளைப் பார்த்தாலே மணி குரைப்பான். சேலத்திலேயே ஸ்டுடியோவில் எடுத்துவிடலாமா?

அஸ்தம்பட்டி வாசி:
ஸ்டுடியோ வேண்டாம் அக்கா. ஃபிளாஷும் வழுக்குகிற தரையும் சேர்ந்தால் மிரண்டுவிடும். போட்டோகிராபரை முன்னாடியே ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், கேமராவைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு அவர் கையாலேயே பிஸ்கட் போடட்டும்.

மலைப்பாதை:
மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. கிளம்பும் முன் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள், எங்கள் நாய் வாந்தி எடுத்து என் தங்கையின் பட்டுப்புடவை வீணானது. ஏரிப் பக்கம் குரங்குத் தொல்லை உண்டு, தெரிந்தவர்களின் காபித் தோட்டம் கிடைத்தால் அங்கே எடுங்கள்.

கேமராக்காரன்:
கல்யாணப் படம்தான் என் தொழில். வெள்ளை நாயை உச்சி வெயிலில் நிறுத்தினால் ரோமமெல்லாம் வெளுத்துப்போய் முகமே தெரியாது, அதனால் காலை இளவெயில் அல்லது மரநிழல். ஷட்டர் வேகம் (கேமரா திறந்து மூடும் வேகம்) 1/500 நொடியைவிட மெதுவாக இருக்க வேண்டாம், நாய் அசைந்தால் படம் கலங்கிவிடும். அப்பா அம்மாவை நாற்காலியில் உட்கார வையுங்கள், நாயின் முகம் அவர்கள் முகத்துக்குக் கிட்டே வரும். மணி இருக்கிற படத்தை முதலில் முடித்துவிடுங்கள், அப்புறம் அவனுக்குப் பொறுமை இருக்காது.

ஓமலூர்க்காரி:
சரி, தோட்டம் வைத்திருக்கும் மாமாவிடம் இன்றைக்கே கேட்கிறேன்.